குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டு பங்கு அலுவலகத்துக்குப் போகிறவருக்கு

கேள்வி நீளமாக வந்திருந்தது. சாரத்தை மட்டும் சொல்லிவிட்டு பதிலுக்கு வருகிறேன். கேட்டவர் தூத்துக்குடிக்காரர், கத்தோலிக்கர். மனைவி இந்துக் குடும்பம். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டு, தாம்பரம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். எட்டு மாதக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டுப் போனபோது, “பங்குல குடும்ப அட்டை இருக்கா? கோயில்ல கல்யாணம் ஆச்சா?” என்று கேட்டு, சாமியாரை, அதாவது பங்குத்தந்தையை, பார்க்கவிடாமலேயே அனுப்பிவிட்டார்களாம். மனைவி மதம் மாறினால்தான் நடக்குமா, நான் நன்மை (பூசையில் தரும் நற்கருணை அப்பம்) வாங்கலாமா, சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த நண்பன் ஞானத்தந்தையாக (குழந்தையின் விசுவாசத்துக்குத் துணையாக) நிற்கலாமா, பேசாமல் ஊரில் பனிமய மாதா கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். கூடவே, அம்மாவுக்கு அடுத்த மாதம் இதய ஆபரேஷன். நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) கேட்டால் வீட்டில் அபசகுனம் என்கிறார்கள், என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

பங்கு அலுவலகத்தில் (பங்கு என்பது ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த பகுதியும்) பதிவேடு எழுதும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே உங்களுக்குச் சொல்லப்படும் எந்த விதியும் மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வருகிறது. ஒன்று, உலகம் முழுவதற்கும் பொதுவான திருச்சபைச் சட்டம். இப்போது நடப்பில் இருப்பது 1983-இல் வந்தது. இரண்டு, மறைமாவட்டத்தின், அதாவது ஓர் ஆயரின் கீழ் வரும் பகுதியின், ஒழுங்கு. மூன்று, அந்தப் பங்கின் பழக்கம். முதலாவதை இங்கே யாரும் மாற்ற முடியாது; சட்டமே இடம் தருகிற விஷயங்களில் மட்டும் ஆயர் விலக்கு தரலாம். இரண்டாவதிலும் ஆயர் விலக்கு தரலாம். மூன்றாவதைப் பங்குத்தந்தையே ஒரு வார்த்தையில் தளர்த்தலாம். அலுவலகத்தில் இருப்பவர் மூன்றையும் ஒரே குரலில்தான் சொல்வார். அதனால், யாராவது “முடியாது” என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பங்குத்தந்தையை நேரில் பார்க்காமல் எந்த “முடியாது”வையும் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடும்ப அட்டை (ரேஷன் அட்டை இல்லை, பங்கில் பதிந்த குடும்பத்துக்குத் தரும் அட்டை) மூன்றாவது வகை. ஆனாலும் அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஊரில் சாமியாருக்கு உங்கள் தாத்தாவையும் தெரியும். இங்கே நீங்கள் யாரென்று தெரிய அந்த அட்டையை விட்டால் வேறு வழி இல்லை. ஞாயிறு பூசைக்கு வருகிற எல்லாரும் தங்களைப் பங்கு மக்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள், பெயர் பதிவாகியிருக்காது. வாடகை ஒப்பந்தமோ ஆதாரோ ஒரு முகவரிச் சான்று, உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ், முடிந்தால் ஊர்ப் பங்குத்தந்தையின் கடிதம் ஆகியவற்றை எடுத்துப் போய் முதலில் பதிந்துவிடுங்கள். உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (பங்குக்குள் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழு) வருகிறது என்று கேட்டு, அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பல பங்குகளில் அன்பியப் பொறுப்பாளரின் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் நகராது. அந்தக் கையெழுத்துக்கு முன் ஒரு தடவையாவது அவர் உங்களைப் பார்த்திருந்தால் நல்லது.

இன்னொன்று. முகவரியில் சென்னை என்று இருந்தாலும் தாம்பரம் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தில் இல்லை. 2002-இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்தபோது அதோடு போய்விட்டது; பரங்கிமலையும் அப்படித்தான். ஆயரின் அனுமதி தேவைப்படும் எதற்கும் உங்கள் மனு செங்கல்பட்டுக்குத்தான் போகும். சென்னை-மயிலை பேராயர் இல்லம் இருக்கும் சாந்தோமில் தெரிந்தவர் இருக்கிறார் என்று அங்கே போய் நிற்க வேண்டாம்.

சரி, குழந்தைக்கு வருவோம். பெற்றோரின் திருமணம் கோயிலில் நடக்கவில்லை என்பதற்காக மட்டும் குழந்தைக்கு ஞானஸ்நானம் மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. சட்டம் கேட்பது இரண்டே: தாய் தந்தையரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும்; குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். இரண்டாவது சுத்தமாக இல்லை என்றால் சாமியார் தள்ளிப்போடலாம். அப்போதும் காரணத்தைப் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். அது தள்ளிப்போடுவதுதானே ஒழிய மறுப்பு இல்லை. “கல்யாணத்தைச் சரிபண்ணிட்டு வாங்க” என்று சாமியார் சொல்வது பெரும்பாலும் இந்த நம்பிக்கைக்கு ஒரு அடையாளம் கேட்பதுதான். நீங்கள் அந்த வேலையைத் தொடங்கிவிட்டீர்கள் என்று தெரிந்தாலே பலர் குழந்தைக்குத் தேதி கொடுத்துவிடுவார்கள். சட்டப்படி ஒரு பெற்றோரின் சம்மதம் போதும் என்றாலும், மனைவிக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். எந்த நல்ல சாமியாரும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

சடங்கு அன்று உங்கள் மனைவி என்ன செய்வார் என்ற கவலை உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். குழந்தையை அவரே தாராளமாக மடியில் வைத்திருக்கலாம். வாசலில் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைவது, நெஞ்சில் எண்ணெய் பூசுவது, தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுவது, உச்சியில் கிறிஸ்மா என்ற வாசனை எண்ணெய் பூசுவது, வெள்ளை உடை, பாஸ்கா திரியிலிருந்து (கோயிலின் பெரிய ஈஸ்டர் மெழுகுதிரி) ஏற்றிய மெழுகுவர்த்தி என்று போகும். நடுவில் “விசுவசிக்கிறீர்களா?” என்று பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் கேட்பார்கள். அந்த விசுவாசத்தை அறிக்கையிட முடியாத பெற்றோர் மௌனமாக இருக்கலாம் என்று சடங்கு நூலின் முன்னுரையே சொல்கிறது. உங்கள் மனைவி மனதில் இல்லாததை வாயால் சொல்ல வேண்டியதில்லை. இதை முன்கூட்டியே அவரிடமும் அவர் வீட்டாரிடமும் சொல்லிவிட்டால் பாதி இறுக்கம் குறைந்துவிடும்.

ஞானப்பெற்றோர் விஷயத்தில்தான் சென்னையில் அதிகம் சிக்கல் வருகிறது. நம் ஆட்கள் அதை ஒரு சொந்தபந்த மரியாதையாகப் பார்க்கிறார்கள்: மாமாவைக் கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வார், முதலாளியை நிறுத்தினால் கௌரவம் என்று. சட்டம் கேட்பது வேறு. 16 வயது ஆகியிருக்க வேண்டும். கத்தோலிக்கராக, நற்கருணையும் உறுதிபூசுதலும் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றவராக, விசுவாசத்துக்கு ஏற்றபடி வாழ்கிறவராக இருக்க வேண்டும். குழந்தையின் அப்பா அம்மா நிற்க முடியாது. ஒருவர் போதும், இருவர் என்றால் ஒரு ஆண், ஒரு பெண். உங்கள் சி.எஸ்.ஐ. நண்பர் ஞானத்தந்தையாக முடியாது. ஆனால் ஒரு கத்தோலிக்க ஞானத்தாய் இருந்தால், அவரோடு கிறிஸ்தவச் சாட்சியாக நிற்கலாம், பதிவேட்டிலும் சாட்சி என்று பெயர் ஏறும். ஊரில் இருக்கும் உங்கள் தங்கை உறுதிபூசுதல் பெற்றவர் என்றால் அவரை நிறுத்துங்கள். அதற்கான சான்றிதழை இப்போதே ஊர்ப் பங்கிலிருந்து வாங்கிவரச் சொல்லுங்கள். தேதி குறித்த பிறகு ஓடுவதைவிட அது மேல்.

பெயர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது, அவ்வளவே. இனியன், கயல்விழி எல்லாம் தாராளமாக வைக்கலாம். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரையே எழுத்துக்கு எழுத்து பதிவேட்டிலும் எழுதச் சொல்லுங்கள். பாட்டிக்காக ஒரு பெயர், பள்ளிக்கு ஒரு பெயர் என்று இரண்டு வைத்தால், இருபத்தைந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை கல்யாணத்துக்குச் சான்றிதழ் கேட்டு வரும்போது “இவரும் அவரும் ஒருவரே” என்று எழுதி வாங்க அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டில் எழுதாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள் என்று சிலர் கேட்பதுண்டு. காரணம் சாதிச் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த ஆணை நியாயமா என்றால் என்னைப் பொறுத்தவரை இல்லை. ஆனால் பங்குத்தந்தையால் பதிவை விட முடியாது. தாமதமில்லாமல் எழுத வேண்டும் என்று சட்டம் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. உங்கள் மனைவி வீட்டில் இந்தக் கேள்வி எழுமானால் அதை ஞானஸ்நானத்துக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.

ஊரில் வைத்துக்கொள்ளலாமா? பெற்றோரின் பங்குக் கோயிலில்தான் நடக்க வேண்டும் என்பது பொது விதி. தகுந்த காரணம் இருந்தால் வேறு இடத்தில் செய்யலாம். அதற்கு இங்கிருந்து பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும். பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயிலில் செய்ய விரும்பினாலும் அதே கடிதம்தான் கேட்பார்கள். ஆகஸ்ட் 5 திருவிழாவை ஒட்டி, அம்மா ஆசைப்படுகிறார் என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். எந்தப் பங்கில் ஞானஸ்நானம் நடக்கிறதோ அந்தப் பதிவேடுதான் ஆயுள் முழுவதுக்கும் மூலம். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாம் பின்னால் அந்த வரியின் ஓரத்தில்தான் குறிக்கப்படும். ஒவ்வொரு முறையும் சான்றிதழுக்கு அங்கேதான் எழுத வேண்டும். இங்கே குடியிருக்கப்போகிறீர்கள் என்றால் இங்கேயே செய்துவிட்டு, ஊரில் மாதாவிடம் குழந்தையைக் கொண்டுபோய் ஒப்புக்கொடுத்துவிட்டு வாருங்கள் என்பது என் கருத்து.

இனி உங்கள் திருமணம். மற்ற எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் முடிச்சு இதுதான்.

நாட்டுச் சட்டப்படி உங்கள் திருமணம் முழுமையானது, அதில் ஒரு குறையும் இல்லை. திருச்சபையின் பார்வையில் மட்டும், கத்தோலிக்கர் ஒருவர் பங்குத்தந்தை அல்லது அவரால் அதிகாரம் பெற்றவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் சம்மதம் சொன்னால்தான் திருமணம். அது நடக்கவில்லை. அதோடு, ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கும் வேண்டும். இந்த இரண்டையும் சரிசெய்வதைத்தான் “கல்யாணத்தைச் சரிபண்றது” என்கிறார்கள்.

மனைவி மதம் மாற வேண்டுமா? வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ அவசர ஞானஸ்நானம் கொடுத்து மேரி, ஜோசப் என்று பெயர் மாற்றும் பழக்கம் இந்த ஊரில் இருந்தது, இன்னும் சில குடும்பங்கள் அதையே எதிர்பார்க்கின்றன. வயது வந்தவர் தாமாக விரும்பி, விசுவாசத்தைக் கற்று, அதன்படி வாழ்ந்து பார்த்த பிறகு பெறுவதுதான் அந்த அருட்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு). உங்கள் மனைவிக்கு என்றாவது தாமாக அந்த விருப்பம் வந்தால் அதற்குத் தனி வழி உண்டு: மாதக்கணக்கில் தயாரிப்பு, வழக்கமாகப் பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின) இரவில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாக. அது அவருடைய முடிவு. உங்கள் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட யாரையும் விடாதீர்கள்.

விதிவிலக்குக்கு நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியது இதுதான்: உங்கள் விசுவாசத்தைக் கைவிட மாட்டீர்கள், குழந்தைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானமும் வளர்ப்பும் தர உங்களால் ஆனதையெல்லாம் செய்வீர்கள். பழைய சட்டத்தில் இருவருமே வாக்குறுதி தர வேண்டியிருந்தது. 1970-க்குப் பிறகு கத்தோலிக்கர் மட்டும்தான். உங்கள் மனைவிக்கு நீங்கள் என்ன வாக்குக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. காகிதங்கள் என்று பார்த்தால் உங்களுடைய ஞானஸ்நானச் சான்றிதழ், பதிவுத் திருமணச் சான்றிதழ், மனைவிக்கு இதற்கு முன் திருமணம் ஆகவில்லை என்று அவரை அறிந்தவர்களின் சாட்சியம். வீட்டில் பெட்டிக்குள் இருக்கும் பழைய ஞானஸ்நானச் சான்றிதழ் உதவாது. பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்தது கேட்பார்கள். உங்களுக்கு வேறு திருமணம் பதிவாகியிருக்கிறதா என்பதை மூலப் பதிவேட்டின் ஓரக் குறிப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதனால்தான் அந்தப் பிடிவாதம். தூத்துக்குடிக்கு இன்றே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

மறைமாவட்டக் குடும்பப் பணிக்குழு நடத்தும் திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்கும் போகச் சொல்லலாம். குழந்தை பிறந்த பிறகு கல்யாண வகுப்பா என்று சிரிக்காதீர்கள். பணம், மாமியார், படுக்கை எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசும் இடம் நம் சமூகத்தில் வேறு எங்கே இருக்கிறது? மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பது உங்களுக்குச் சங்கடம் என்றால் அதைப் பங்குத்தந்தையிடம் தனியாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே கணவன் மனைவியாக வாழ்பவர்களுக்கு அதிலிருந்து விலக்கு கேட்டு வாங்கலாம்.

சடங்கு எளிமையானது. வழக்கமாகத் திருப்பலி இல்லாமல், வாசகமும் சம்மதமும் ஆசீருமாக. சாமியார், இரண்டு சாட்சிகள், நீங்கள் இருவர் இருந்தால் போதும். மோதிரத்தையோ தாலியையோ மந்திரித்துத் தருவார். உங்கள் மனைவி கழுத்தில் இப்போதே தாலி இருந்தால் என்ன செய்வது என்பதை முன்பே பேசிவிடுங்கள், பீடத்தின் முன்னால் நின்று குழம்ப வேண்டாம். “திரும்பவும் கல்யாணமா, அப்போ இதுவரை நடந்தது என்ன?” என்று மாமனார் வீட்டில் கேட்பார்கள். கேட்பது நியாயம். உங்கள் பதிவுத் திருமணத்தை யாரும் பொய் என்று சொல்லவில்லை, உங்கள் சபை முன்னால் அந்தச் சம்மதத்தைச் சொல்கிறீர்கள் என்று விளக்குங்கள். உங்கள் மனைவி மறுபடி சம்மதம் சொல்லவே விரும்பவில்லை என்றால்கூட வழி இருக்கிறது. இருவரின் சம்மதமும் இன்றும் நிலைத்திருக்கிறது என்றால், சடங்கே இல்லாமல் வேரிலிருந்து சரிசெய்து ஆயர் ஆணை தரலாம். அலுவலகத்தில் இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்; தேவைப்பட்டால் நீங்கள்தான் கேட்க வேண்டும். கறாராகச் சொன்னால், இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருந்தால்தான் திருமணம் அருட்சாதனம் ஆகும். உங்களுடையது அப்படி ஆகாது. ஆனாலும் சரிசெய்த பிறகு அது திருச்சபை முழுமையாக ஏற்கும் திருமணம்தான்.

அதுவரை நன்மை வாங்கலாமா என்றால், வாங்கக் கூடாது. இதில் மழுப்ப எனக்கு விருப்பமில்லை. பூசைக்கு வரலாம், வர வேண்டும். அன்பியத்தில் செபிக்கலாம், பாடலாம். திருமணம் சரியானதும் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவ அறிக்கை) செய்துவிட்டு வாங்குங்கள். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது பள்ளி நாளில், செபம் எல்லாம் மறந்துவிட்டது என்று தயங்குகிறவர்கள் நிறைய. “ஃபாதர், ரொம்ப வருஷம் ஆச்சு, முறை மறந்துபோச்சு” என்று தொடங்கினால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். சொந்தப் பங்கில் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு எந்தக் கோயிலிலும் செய்யலாம், அதற்கு எந்தக் கடிதமும் வேண்டாம்.

காணிக்கை, சந்தா (குடும்பம் பங்குக்குக் கட்டும் தொகை) பற்றி ஒரு வார்த்தை. மறைமாவட்டம் குறித்த காணிக்கைக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும், ஏழை என்ற காரணத்தால் யாரும் அருட்சாதனம் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. சந்தா பாக்கியைக் கட்டினால்தான் கையெழுத்து என்று அலுவலகத்தில் சொன்னால், முடிந்தால் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். முடியாவிட்டால் வெட்கப்படாமல் சாமியாரிடம் சொல்லுங்கள். கோயிலுக்கும் கரண்ட் பில் வருகிறது, அதையும் மறக்க வேண்டாம்.

குழந்தையின் புது நன்மையும் (முதல் முறை நற்கருணை வாங்குவது) உறுதிபூசுதலும் உங்களுக்கு இன்னும் தூரம். ஞாயிறு மறைக்கல்வியில் ஒரே பங்கில் விடாமல் படிக்க வேண்டும், கான்வென்ட் பள்ளியில் படிப்பது அதற்கு ஈடாகாது, டியூஷனுக்காக ஞாயிறை விட்டால் பின்னால் கெஞ்ச வேண்டிவரும் என்பதை மட்டும் இப்போது மனதில் வையுங்கள்.

அம்மாவுக்கு. நோயில்பூசுதல் சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்பது பழைய நினைப்பு. அவஸ்தைபூசுதல் என்று சொல்லிச் சொல்லி, எண்ணெய்ச் சிமிழோடு சாமியார் படியேறினாலே அழ ஆரம்பிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கமும், அதற்குப் பின் 1972-இல் வந்த புதிய சடங்கும் இதைத் தெளிவாக்கிவிட்டன: கடும் நோயில் இருப்பவர், முதுமையால் மிகவும் தளர்ந்தவர், ஆபத்தான நோய்க்காக ஆபரேஷனுக்குப் போகிறவர் எல்லாரும் பெறலாம். குணமாகி மறுபடி விழுந்தாலோ, அதே நோய் முற்றினாலோ மறுபடியும் பெறலாம். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு உரியது வழியுணவாகத் தரும் நற்கருணை, அது வேறு.

சென்னையில் இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஐ.சி.யு.வுக்குள் போய்விட்டால் பார்வையாளர் நேரம், ஒருவருக்கு மேல் அனுமதி இல்லை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எந்தப் பங்குச் சாமியாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் குழப்பமாகும். அம்மா நினைவோடு, உட்கார்ந்து பதில் சொல்லும் நிலையில், வீட்டில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். அட்மிட் ஆகும் தேதி தெரிந்ததும் பங்குத்தந்தையிடம் சொன்னால் வீட்டுக்கே வருவார். ஒரு சின்ன மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு உருவம்), மெழுகுவர்த்தி, கொஞ்சம் தண்ணீர் வைத்தால் போதும். அம்மா பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் நீங்கள் எல்லாரும் பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள். பிறகு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி, நன்மை கொடுப்பார். நன்மைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கும் முதியவருக்கும் கிடையாது, அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கிடையாது. அதனால் மாத்திரையையோ சாப்பாட்டையோ தள்ளிப்போட வேண்டாம். மருத்துவமனை எது, வார்டு எது என்றும் அன்றே அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆபரேஷன் முடிந்து தேறிவரும் நாட்களில் அங்கே நன்மை கொண்டுவர, அந்தப் பகுதிப் பங்குக்கு அவரே ஒரு போன் செய்து சொல்லிவிடுவார்.